பேகன் சமயங்களைப் பற்றி நம் ஊரில் பேசுவதற்கு

வேலூரிலோ குடியாத்தத்திலோ ஒரு வாசகர் கூட்டத்தில் மேலை நாடுகளின் நவீன பேகன் சமயங்களை, அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வ வழிபாடுகளை மீட்டெடுக்க முயலும் சமயங்களைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டிருந்தால், "நம் கங்கையம்மன் வழிபாடுதான் அங்கேயும் நடக்கிறது" என்று மட்டும் தொடங்காதீர்கள். கைதட்டல் கிடைக்கும், ஆனால் பொருள் அங்கேயே பிசகிவிடும். வைகாசி முதல் நாளில் குடியாத்தத்தில் அம்மன் சிரசு ஊர்வலம் காண்பவர், தம் பாட்டி கண்டதைத் தொடர்ந்து காண்கிறார். ஐரோப்பாவின் பெரும்பகுதியில், கிறிஸ்தவம் பரவிய நூற்றாண்டுகளில் அந்தத் தொடர்ச்சி அறுந்தது. பழைய ஏடுகள், அகழாய்வு, நாட்டார் வழக்கு, சொந்தக் கற்பனை ஆகியவற்றைக் கொண்டு இன்றைய பேகன்கள் தம் வழிபாட்டைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்ல வேண்டாம். அறுந்த இடத்திலிருந்து தேடிச் செல்வதற்கும் பக்தி வேண்டும்.

'பேகன்' என்ற பெயரை விளக்க நம்மிடமே வழி இருக்கிறது. நாட்டுப்புறத்தாரைக் குறித்த லத்தீன் சொல்லைக் கிறிஸ்தவர்கள் பிற சமயத்தார்மீது சுமத்தினார்கள். பின்னாளில் சிலர் அதையே விரும்பி ஏற்றார்கள். நம் தெய்வங்களுக்குச் 'சிறுதெய்வம்' என்று மேலிருந்து வைக்கப்பட்ட பெயரை நினைவூட்டினால் போதும், கேட்போருக்குப் புரிந்துவிடும். விக்கா என்ற நவீன பேகன் சமயத்தார் பலர் தம்மை ஆங்கிலத்தில் 'விட்ச்' என்று சொல்லிக்கொள்வார்கள்; அதைச் 'சூனியக்காரர்' என்று மொழிபெயர்க்காதீர்கள்; சூனியம் வைத்ததாகப் பழி சுமத்தப்பட்டு அடிபடும் பெண்கள் நம் நாட்டில் இன்றும் இருக்கிறார்கள்.

சட்ட வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பிரிட்டனில் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பின்னரே விக்காவைப் பரப்பிய ஆங்கிலேயர் ஜெரால்டு கார்ட்னர் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். பழைய நார்ஸ் (வட ஐரோப்பிய) தெய்வங்களை வழிபடும் ஆசாட்ரூ அமைப்பை ஐஸ்லாந்து 1973இல் அங்கீகரித்தது. அமெரிக்க நிகழ்வுக்கு மட்டும் சற்று நேரம் கொடுங்கள்: ஆப்கானிஸ்தானில் உயிரிழந்த விக்கா வீரர் ஒருவரின் நினைவுப் பலகையில் அவர் சமயச் சின்னமான ஐமுனை நட்சத்திரத்தைப் பொறிக்க அவர் மனைவி போராட வேண்டியிருந்தது, 2007இல்தான் கூட்டாட்சி அரசு இணங்கியது. சமய உரிமை என்பது ஒரு கல்லில் எதைப் பொறிக்கலாம் என்ற அளவுக்கு இறங்கிவரும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அரசியலுக்கு வரும்போது எல்லாரையும் ஒரே கூடையில் போடாதீர்கள். பெண்ணுரிமைக்கும் காட்டைக் காக்கவும் போராடும் பேகன்கள் இருக்கிறார்கள். நார்ஸ் சின்னங்களைப் பச்சை குத்திக்கொண்டு வெள்ளை இனவெறி பேசுவோரும் இருக்கிறார்கள். ஒவ்வொரு குழுவைப் பற்றியும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இங்கே யாரும் சேரலாமா, அல்லது இரத்த வழி பார்க்கப்படுகிறதா? தேர் வடத்தைத் தொட யாருக்கு உரிமை என்ற வழக்கைக் கண்ட நம் ஊர்களில் இந்தக் கேள்வியின் கனத்தை விளக்க வேண்டியதில்லை.

இறுதியில் யாராவது "அப்படியானால் நாமும் பேகன்களா?" என்று நிச்சயம் கேட்பார். அதற்கு நீங்கள் விடை சொல்லாதீர்கள். படவேடு ரேணுகாம்பாளுக்கு ஆண்டுதோறும் நேர்த்திக்கடன் செலுத்திவரும் ஒருவரை முன்கூட்டியே அழைத்து முன்வரிசையில் அமர்த்தி, அந்தக் கேள்வியை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.