பாகற்காயை ஒதுக்குபவர்களும் சாப்பிடும் கருப்பட்டிப் புளிக்குழம்பு: புதிதாகச் சமைப்பவர்களுக்கான செய்முறை

உடம்புக்கு நல்லது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் தட்டின் ஓரத்துக்குத் தள்ளப்படும் காய்களில் பாகற்காய்க்குத்தான் முதலிடம். அகத்திக்கீரையையும் சுண்டைக்காயையும் பிரண்டையையும்கூட ஏதோ ஒரு வடிவத்தில் விழுங்கிவிடுகிறவர்கள், பாகற்காய் என்றதும் சாப்பாடே வேண்டாம் என்று எழுந்துவிடுகிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் வெறுப்பது அரைகுறையாக வதங்கிய, புளியும் எண்ணெயும் போதாத பாகற்காயைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். கசப்பை அடியோடு அகற்ற முயல்வது பயன் தராது. அப்படிச் செய்தால் காயின் சாரமும் போய்விடும், சுவையும் நிற்காது. புளிப்பு, இனிப்பு, உப்பு, எண்ணெய் ஆகிய நான்கையும் சரியான அளவில் சேர்த்து, கசப்பை அவற்றுக்கு நடுவே ஒரு சுவையாக அமர்த்துவதே நெல்லைச் சமையலின் வழி. அந்த வழியை, இதுவரை அடுப்படிப் பக்கம் அதிகம் போகாதவர்களும் பின்பற்றும்படி இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

பாகற்காயின் கசப்புக்கு மொமோர்டிசின் முதலிய சேர்மங்கள் காரணம். மனித நாவில் கசப்பை உணர்வதற்கென்று ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன; பிள்ளைகள் பெரியவர்களைவிடக் கசப்பைக் கூர்மையாக உணர்கிறார்கள். ஆகவே ஐந்து வயதுக் குழந்தை பாகற்காயைத் துப்பினால் அதைப் பிடிவாதம் என்று எண்ணிக் கண்டிப்பது நியாயமாகாது. உப்பிலுள்ள சோடியத்துக்குக் கசப்பு உணர்வைத் தணிக்கும் தன்மை உண்டு. காயில் உப்பிட்டுப் பிசறி வைக்கும் நம் ஆச்சிமாரின் பழக்கம் கசப்பு நீரை இறக்குவதோடு நிற்காமல், நாவிலும் வேலை செய்கிறது.

தேவையான பொருள்கள்

நான்கு பேருக்குக் கால் கிலோ பாகற்காய் போதும். ஒரு சிறிய எலுமிச்சம்பழ அளவு புளி, அதாவது ஏறக்குறைய 30 கிராம், எடுத்துக்கொள்ளுங்கள். உரித்த சின்ன வெங்காயம் 20, பூண்டு 8 பல், நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி, கருப்பட்டி 30 கிராம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, கடுகு, கால் தேக்கரண்டி வெந்தயம், தேவையான உப்பு ஆகியவை குழம்புக்கு வேண்டும். வறுத்து அரைப்பதற்கு மல்லி 2 மேசைக்கரண்டி, மிளகாய் வத்தல் 6, சீரகம் 1 தேக்கரண்டி, நல்லமிளகு அரைத் தேக்கரண்டி, தேங்காய்த் துருவல் 4 மேசைக்கரண்டி. சின்ன வெங்காயத்துக்குப் பதிலாகப் பல்லாரியைப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், ஆனால் சின்ன வெங்காயம் தரும் இனிப்பு பல்லாரியில் கிடைக்காது; கசப்போடு ஈடுகொடுக்க அந்த இனிப்பு இந்தக் குழம்புக்குத் தேவைப்படுகிறது. எண்ணெயும் அப்படியே. நல்லெண்ணெயைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் படி: காயைத் தேர்ந்தெடுத்தல்

பாவூர்சத்திரம் சந்தையிலோ உங்கள் ஊர்க் கடையிலோ வாங்கும்போது, அழுத்தமான பச்சை நிறத்தோடு, கையில் எடுத்தால் விறைப்பாக இருக்கும் காய்களைப் பொறுக்குங்கள். மஞ்சள் படர்ந்தது பழுக்கத் தொடங்கிய காய். அது குழம்பில் குழைந்துவிடும். சிறிய மிதிபாகல் கிடைத்தால், பழகியவர்களுக்கு அது மிகவும் சுவையானது, ஆனால் முதன்முறை சாப்பிடுகிறவர்களுக்கு நீளப் பாகற்காயே ஏற்றது.

இரண்டாம் படி: நறுக்கி உப்பிடுதல்

காயைக் கழுவி, இரண்டு முனைகளையும் நீக்கி, கால் அங்குலக் கனத்தில் வட்டமாக நறுக்குங்கள். நடுவிலுள்ள பஞ்சு போன்ற பகுதியையும் முற்றிய விதைகளையும் எடுத்துவிடுங்கள். மெல்லிய வெண்ணிற விதைகள் இருந்தால் அப்படியே விடலாம். மேல்தோலைச் சுரண்டி எறிய வேண்டியதில்லை. நறுக்கிய துண்டுகளில் ஒரு தேக்கரண்டி உப்பும் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளும் தூவி, கையால் நன்றாகப் பிசறி, அரை மணி நேரம் மூடி வையுங்கள். பாத்திரத்தின் அடியில் இறங்கியிருக்கும் நீரை வடித்துவிட்டு, துண்டுகளை உள்ளங்கையில் வைத்து ஒரே ஒரு முறை மென்மையாக அழுத்திப் பிழியுங்கள். சக்கையாகும்வரை பிழிவதும், பிழிந்தபின் பலமுறை தண்ணீரில் அலசுவதும் வேண்டாம். பச்சைப் பாகற்காயில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 80 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. அதில் ஒரு பங்கு சமைக்கும் சூட்டில் எப்படியும் குறையும். எஞ்சியதையும் தண்ணீரோடு கொட்டிவிடக் கூடாது.

இந்த அரை மணி நேரத்தில் புளியை இரண்டு கோப்பை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். கருப்பட்டியைத் தட்டிக் கால் கோப்பை நீரில் சூடாக்கிக் கரைத்து, அதையும் கட்டாயம் வடிகட்டுங்கள். உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டியானாலும் வேறு எந்த ஊர்க் கருப்பட்டியானாலும் அதில் மணல் இருக்க வாய்ப்புண்டு. பல்லில் மணல் நெறிந்தால், பாகற்காய்க்கு இணங்கி வந்தவரும் தட்டை நகர்த்திவிடுவார்.

மூன்றாம் படி: வறுத்து அரைத்தல்

ஒரு தேக்கரண்டி எண்ணெயில் மல்லி, மிளகாய் வத்தல், நல்லமிளகு, சீரகம் ஆகியவற்றை மிதமான தீயில் மணம் வரும்வரை வறுத்து எடுத்துவிட்டு, அதே சட்டியில் தேங்காய்த் துருவலைப் பொன்னிறமாக வறுங்கள். தெற்கே நாஞ்சில் நாட்டில் தேங்காயைக் கருஞ்சிவப்பாகும்வரை வறுத்துத் தீயல் வைப்பார்கள். அது அருமையான குழம்புதான், ஆனால் அந்த அளவு வறுப்பு தன் பங்குக்கு ஒரு கசப்பைச் சேர்க்கும். புதியவர்கள் பொன்னிறத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஆறியபின் நான்கு சின்ன வெங்காயம் சேர்த்து, சிறிது நீர் விட்டு மைய அரையுங்கள்.

நான்காம் படி: காயை வதக்குதல்

முழுச் சமையலிலும் மிகுந்த பொறுமை தேவைப்படுவது இந்தப் படிக்குத்தான். அகன்ற சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயைக் காயவைத்து, பிழிந்த துண்டுகளைப் பரப்பினாற்போலப் போட்டு, மிதமான தீயில் பத்து நிமிடங்களுக்குக் குறையாமல் வதக்குங்கள். மூடி போடக் கூடாது. மூடினால் ஆவியில் வெந்து சொதசொதப்பாகி, கசப்பு அப்படியே தங்கும். பச்சை நிறம் மங்கி, ஓரங்கள் பழுப்பாகி, ஒரு துண்டைக் கடித்தால் வெளியே லேசான மொறுமொறுப்பும் உள்ளே மென்மையும் தெரிய வேண்டும். அந்தப் பதத்துக்கு வருமுன் புளித்தண்ணீரை ஊற்றினால், புளிப்பில் காய் மேலும் வேகாமல் விறைத்து நின்றுவிடும். அவசரப்பட்டு இந்த இடத்தில் தவறுவதால்தான் பல வீடுகளில் பாகற்காய்க்குக் கெட்ட பெயர் வந்திருக்கிறது. வதங்கிய காயைத் தனியே எடுத்து வையுங்கள்.

ஐந்தாம் படி: குழம்பு கூட்டுதல்

மண்சட்டி இருந்தால் அதிலேயே செய்யுங்கள். மீதி எண்ணெயில் கடுகு வெடித்ததும் வெந்தயம், கறிவேப்பிலை, பூண்டு, வெங்காயம் ஆகியவற்றைப் போட்டு வெங்காயம் கண்ணாடி போலாகும்வரை வதக்குங்கள். வெந்தயம் கருகக் கூடாது. புளிக்கரைசலை ஊற்றி, சிட்டிகை மஞ்சள்தூள் சேர்த்து, பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுங்கள். காயில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் இப்போது பாதியளவு உப்பு மட்டும் போட்டு, கடைசியில் சுவைத்துப் பார்த்துச் சரிசெய்யுங்கள். பிறகு அரைத்த விழுதைக் கரைத்து ஊற்றி, ஒரு கொதி வந்ததும் காயைச் சேர்த்து, சிறுதீயில் பத்து நிமிடம் விடுங்கள். எண்ணெய் மேலே பிரிந்து வரும்போது கருப்பட்டிக் கரைசலை ஊற்றி, மேலும் ஐந்து நிமிடம் கொதித்தபின் இறக்குங்கள். இனிப்பு தனியாக நாவில் நிற்கக் கூடாது. புளிப்பும் உறைப்பும் கசப்பும் ஒன்றாக வந்து, இனிப்பு அவற்றின் பின்னால் மெல்லத் தெரிந்தால் அளவு சரி.

ஆறாம் படி: பரிமாறுதல்

இதுவும் செய்முறையின் ஒரு பகுதிதான். இறக்கிய உடனே பரிமாறாதீர்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் ஊறினால்தான் புளியும் கருப்பட்டியும் காய்க்குள் இறங்கும். சூடான சோற்றில் முதலில் நல்லெண்ணெய் சிறிது விட்டு, காய் இல்லாமல் குழம்பை மட்டும் ஊற்றிக் கொடுங்கள்; பக்கத்தில் சிறுபருப்புக் கூட்டோ சுட்ட அப்பளமோ இருக்கட்டும். அடுத்த முறை ஒரே ஒரு துண்டு வையுங்கள். அதைச் சாப்பிட்டால் பாராட்டி ஆரவாரம் செய்யவும் வேண்டாம், சாப்பிடாவிட்டால் வற்புறுத்தவும் வேண்டாம். வற்புறுத்தி ஊட்டிய உணவின்மீது பிள்ளைகளுக்கு வெறுப்பு கூடும். ஒரு புதிய சுவைக்கு அவர்கள் பழகப் பத்துத் தடவைக்கு மேலும் அதைச் சந்திக்க வேண்டியிருக்கலாம். வீட்டுப் பெரியவர்கள் அதே குழம்பை அதே பந்தியில் விரும்பிச் சாப்பிடுவதைப் பார்ப்பது, எந்தப் புத்திமதியையும்விட அவர்களுக்கு உதவும்.

குழம்பையும் தொட மறுப்பவர்களுக்கு, இரண்டாம் படிவரை செய்த துண்டுகளை அரிசி மாவும் மிளகாய்த்தூளும் பிசறிப் பொரித்துக் கொடுத்துத் தொடங்கலாம். அதை அன்றாட உணவாக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், பாகற்காய் சாப்பிடுகிறோம் என்பதற்காக மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. பாகற்காய்ச் சாற்றை நாள்தோறும் குடிப்பது மருந்தோடு சேர்ந்து இரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கக்கூடும் என்பதால், மருத்துவரிடம் கேட்காமல் அதைத் தொடங்காதீர்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான், அவர்கள் பாதியாகக் குறைத்துக்கொள்ளட்டும். கர்ப்பிணிகள் அதிக அளவில் உண்பதைத் தவிர்ப்பது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாகற்காயின் கசப்புக்குப் பழகிய நாவோடு சுரைக்காய், பீர்க்கங்காய் ஆகியவற்றின் கசப்பையும் பொறுத்துக்கொள்ளாதீர்கள். இயல்பாகக் கசக்காத அந்தக் காய்கள் கசந்தால் அது நச்சுத்தன்மையின் அறிகுறி; ஒரு துண்டு கிள்ளி நாவில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிடுங்கள்.

மிஞ்சிய குழம்பை இரவில் ஒருமுறை கொதிக்கவைத்து ஆறவிட்டு மூடி, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்துச் சூடாக்கிப் பழையசோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். தேங்காய் அரைத்த குழம்பு என்பதால் அதற்கு மேலும் ஒரு நாளில் முடித்துவிட வேண்டும்.