எண்ணெய்க் குளியல்: தேய்ப்பது எளிது, எடுப்பதுதான் வேலை

ஆயுர்வேதத்தை அன்றாட வாழ்க்கைக்குள் கொண்டுவர நினைக்கிறவர்கள் பலரும் முதலில் போய் நிற்பது சூரணம், லேகியம் பக்கம்தான். அது வேண்டாம். உள்ளுக்குச் சாப்பிடுவதையெல்லாம் வைத்தியரிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் நாமே தொடங்கக்கூடியது அப்யங்கம், நம் பேச்சில் எண்ணெய்க் குளியல்.

வாக்படர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்தில், சூத்திரஸ்தானம் என்ற முதல் பகுதியின் 2-ஆம் அத்தியாயம் முழுக்கத் தினசரி ஒழுக்கங்களைப் பற்றியது. எண்ணெய் தேய்ப்பதைத் தினமும் செய்யச் சொல்கிறது. கூடவே, தலை, காது, பாதம் மூன்றுக்கும் தனிக் கவனம் கொடுக்கச் சொல்கிறது. காலையில் அவசரமாக வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு இந்த இரண்டாவது வரிதான் வழி. வாரம் ஒருநாள் உடம்பு முழுக்க, மற்ற நாள்களில் பாதத்துக்கு மட்டும் என்று பிரித்துக்கொண்டால் பழக்கம் நிற்கும். செவ்வாய் வெள்ளியா, புதன் சனியா என்ற கிழமைக் கணக்கு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வரும். அவசரமில்லாத நாள் எதுவோ அதுதான் சரியான நாள் என்பது என் கருத்து.

1. எண்ணெய்

நல்லெண்ணெய், அதுவும் வறுக்காத எள்ளில் ஆட்டியது. வெளிர் பொன் நிறத்தில் இருக்கும். கடையில் அடர் பழுப்பு நிறத்தில், வறுத்த வாசனையோடு இருப்பது சமையலில் மணத்துக்குச் சேர்ப்பது. அதைத் தேய்த்தால் நாள் முழுக்க அந்த வாசனை போகாது. மூலிகைத் தைலங்கள் தொடக்கத்தில் தேவையில்லை. வெறும் எண்ணெயே போதும். கண்ணாடிப் பாட்டிலில், வெயில் படாமல் வையுங்கள்.

எள் ஒவ்வாமை சிலருக்கு உண்டு. முன்கையின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு தடவி ஒருநாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ விட்டுவிடுங்கள். எள் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தச் சோதனையும் செய்ய வேண்டாம்.

2. சூடாக்குவது

சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் ஐந்து நிமிடம் வையுங்கள். அடுப்பில் நேரடியாக வைத்தால் சூடு எவ்வளவு ஏறியது என்று தெரியாது. மைக்ரோவேவில் ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் ஆறியிருக்கும். மணிக்கட்டின் உள்பக்கத்தில் தொட்டுப் பார்த்து, இதமாக இருந்தால் சரி.

3. தேய்ப்பது

உடம்புக்கு மூன்று மேசைக்கரண்டி, அதாவது சுமார் 45 மில்லி. குட்டை முடிக்கு இரண்டு தேக்கரண்டி போதும். சொட்டச் சொட்டத் தேய்த்தால்தான் பலன் என்பது கிடையாது. எடுக்கும்போது அவதிப்படுவதற்கு முதல் காரணமே அந்த அளவுதான். கை கால்களில் நீளவாக்கில், மூட்டுகளில் வட்டமாக. காதில் வெளி மடலில் தடவினால் போதும், உள்ளே ஊற்ற வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருப்பது பலருக்குத் தெரியாமலே இருக்கும், அங்கே எண்ணெய் போனால் தொற்று வரலாம். மூக்கிலும் நீங்களாக விடாதீர்கள்.

பதினைந்து, இருபது நிமிடம் ஊறட்டும். அந்த நேரம் வழுக்காத ஸ்டூலில், காலடியில் பழைய துண்டைப் போட்டு உட்காருங்கள். எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் நடப்பதுதான் இந்தப் பழக்கத்திலேயே பெரிய ஆபத்து. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், தரையைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைத்த பிறகுதான் அவர்களை உள்ளே விட வேண்டும்.

4. எண்ணெயை எடுப்பது

பாதிப் பேர் இந்தப் படியோடு கைவிட்டுவிடுகிறார்கள். முடி பிசுபிசுவென்று நிற்கும், மூன்று தடவை ஷாம்பு போட்டாலும் போகாது, அலுவலகத்துக்கு எண்ணெய்த் தலையோடு போக வேண்டியிருக்கும். அளவோடு தேய்த்தும் இப்படி ஆனால் காரணம் ஒன்றே ஒன்று: முதலில் தண்ணீர் ஊற்றுவது.

எண்ணெய் மேல் தண்ணீர் பட்டதும், பிறகு போடுகிற மாவு அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கும், எண்ணெயை விட்டுவிடும். அதனால் வரிசையை மாற்றுங்கள். உலர்ந்த பயத்தம் மாவை அப்படியே எண்ணெய் உடம்பில் தூவித் தேய்க்க வேண்டும். மாவு எண்ணெயை இழுத்துக்கொண்டு புட்டு மாவு மாதிரி உதிரும். காலடியில் போட்ட துண்டிலேயே உதிர்ந்ததைச் சேர்த்துக் குப்பைக் கூடையில் கொட்டிவிடுங்கள். அதைச் சாக்கடைத் துளைக்குள் விட்டால் எண்ணெயும் மாவும் சேர்ந்து குழாயை அடைக்கும். அதற்கப்புறம்தான் வெந்நீர். சோப்பே தேவைப்படாது.

தலைக்கு: உலர்ந்த துண்டால் முதலில் ஒற்றி எடுங்கள். சீயக்காய்ப் பொடியை வடித்த கஞ்சியில் மோர் பதத்துக்குக் கரைத்து, நனைக்காத தலையில் போட்டுத் தேய்க்க வேண்டும். சீயக்காயில் இருக்கும் சாபோனின்தான் நுரைத்து எண்ணெயைப் பிரிக்கிறது. கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், தலையைப் பின்னால் சாய்த்து அலசுங்கள். ஷாம்புதான் வசதி என்றால் அதையும் இதே மாதிரி நனைக்காத முடியில் போட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேருங்கள். இரண்டு முறை போதும்.

எனக்குப் பிடித்தது தனிப் பயத்தம் மாவு, தனிச் சீயக்காய். பத்துப் பொருள் கலந்த குளியல் பொடி வாங்கினால், தோல் அரிக்கும்போது எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

வெந்நீர் கழுத்துக்குக் கீழேதான். அது உடம்புக்கு வலு, தலைக்கு ஊற்றினால் முடிக்கும் கண்ணுக்கும் கேடு என்று அதே அத்தியாயம் சொல்கிறது. தலைக்கு வெதுவெதுப்பு போதும்.

எப்போது வேண்டாம்

சளி கட்டியிருக்கும்போதும் அஜீரணத்தின்போதும் எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று நூலே விலக்குகிறது. காய்ச்சலிலும், சாப்பிட்ட உடனேயும் வேண்டாம்.

மற்ற நாள்கள்

படுக்கப் போகும்முன் அரைத் தேக்கரண்டி எண்ணெய், இரண்டு பாதத்துக்கும். ஐந்து நிமிடம் அழுத்தித் தேய்த்து, துடைத்துவிட்டுப் பழைய பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் விரல் இடுக்கில் தடவ வேண்டாம், ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் எண்ணெயின் சூட்டைக் காலால் சோதிக்காமல் மணிக்கட்டில் சோதியுங்கள்.

பின்சேர்க்கை

குளிர் நாட்டில் இருப்பவர்கள் இரண்டு விஷயம் கேட்டிருந்தார்கள்: தேங்காய் எண்ணெய் தேய்க்கலாமா, எண்ணெய்த் துண்டை மெஷினில் உலர்த்தலாமா என்று. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறையும், குழாயிலும் உறையும். அங்கே நல்லெண்ணெய்தான் தோது. இன்னொன்று துண்டு. எண்ணெய் ஊறிய துண்டைத் துணி உலர்த்தும் மெஷினில் போடவே போடாதீர்கள். துணியில் தங்கிய எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானாகவே சூடேறும். மடித்துக் குவித்து வைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தீப்பிடிக்கலாம். துவைத்த துண்டிலும் எண்ணெய் மிச்சமிருக்கும். இதற்கென்று ஒரே ஒரு பழைய துண்டை ஒதுக்கி, வெந்நீரில் துவைத்து, கொடியில் விரித்து உலர்த்துங்கள். சிக்கு வாடை வர ஆரம்பித்தால் துண்டை மாற்றிவிட வேண்டியதுதான்.