வேட்டங்குடிக்குப் போறீங்களா? முதல்ல கம்மாயில தண்ணி கிடக்கான்னு கேளுங்க

காரைக்குடி பக்கம் வீடு பார்க்க வர்ற சொந்தக்காரங்க பலருக்கும், திருப்பத்தூர் தாண்டி மதுரை போற வழியில ஒரு பறவைகள் சரணாலயம் இருக்கிறதே தெரியாது. வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டி கம்மாய்கள்தான் அது, 1977லயே அறிவிச்சது.

நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். ஆனா மாதத்தை மட்டும் நம்பாதீங்க. மழை பொய்ச்ச வருஷம் கம்மாய் வறண்டு கிடக்கும், பறவையும் வராது. கிளம்பும் முன்னாடி திருப்பத்தூர் டீக்கடையில ஒரு வார்த்தை விசாரிச்சுக்குங்க.

விடிஞ்சதும் போனா, வெயில் உங்க முதுகில விழுற மாதிரி கரையில நில்லுங்க. எதிர்வெயில்ல பார்த்தா எல்லாமே கருப்பு நிழல்தான். சாயங்காலம்னா மேய்ச்சலுக்குப் போனதுங்க கூட்டம் கூட்டமா கருவேல மரத்துக்குத் திரும்பும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

நத்தைகுத்தி நாரையோட அலகைப் பைனாகுலர்ல பாருங்க. மேலலகும் கீழலகும் நடுவில ஒட்டாம இடைவெளி தெரியும். அடிபட்டிருக்குன்னு பதற வேண்டாம், நத்தை தின்ன வாகா அமைஞ்ச அலகு அது. குஞ்சுக்கு இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும்.

பளிச்சுன்னு சட்டை வேண்டாம், ஹாரன் கூடவே கூடாது. பறவை மிரளும்னு தீபாவளிக்கே வெடி போடாத ஊர்க்காரங்க அவங்க. தண்ணியும் நொறுக்குத்தீனியும் திருப்பத்தூர்லயே வாங்கிடுங்க.