மானிட்டர் காலிபரேஷன்: கண் போதுமா, கருவி வேண்டுமா?

ஒரே படம் உங்கள் மானிட்டரில் ஒரு நிறமாகவும் அச்சில் வேறு நிறமாகவும் வந்தால், படத்தைத் திருத்தும் முன் மானிட்டரைக் கவனியுங்கள். அதன் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரியான அளவுக்குக் கொண்டுவருவதுதான் காலிபரேஷன். நிறைய மானிட்டர்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அளவுக்கு மீறிய வெளிச்சத்தோடும், பல நேரம் லேசான நீலச் சாயலோடும்தான் இருக்கும்.

1. முதலில் தயார்படுத்துங்கள்

மானிட்டரைப் போட்டு அரை மணி நேரம் ஓட விடுங்கள். வெளிச்சம் நிலைப்பட அவ்வளவு நேரம் வேண்டும். திரைமேல் நேரடியாக வெயிலோ விளக்கொளியோ விழக் கூடாது. நைட் லைட், ட்ரூ டோன், டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ மோட், எச்டிஆர் என்று திரையின் நிறத்தையோ வெளிச்சத்தையோ மாற்றும் வசதிகள் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இதில் ஒன்றை மறந்தாலும் அடுத்துச் செய்வதெல்லாம் வீண்.

2. மானிட்டரின் மெனு

ரீசெட் செய்துவிட்டு எஸ்ஆர்ஜிபி மோட் (இணையப் படங்களுக்கான பொது நிறத் தரத்துக்குத் திரையைக் கொண்டுவரும் அமைப்பு) இருக்கிறதா பாருங்கள். கருவி ஏதும் இல்லாதவருக்கு அதுவே நல்ல தொடக்கம். இல்லையென்றால் கலர் டெம்பரேச்சர் (வெள்ளை எவ்வளவு மஞ்சளாகவோ நீலமாகவோ சாயும் என்ற அளவு) 6500கே, காமா (கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட நிறங்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்ற அளவு) 2.2 என்று வையுங்கள்.

அப்புறம் பிரைட்னஸ். வெற்று வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். திரை விளக்கு மாதிரி எரியாமல், அறை வெளிச்சத்தில் தாள் தெரியும் அளவுக்கு வரும்வரை குறையுங்கள். கருவியால் அளப்பவர்கள் வழக்கமாக வைக்கும் இலக்கு சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா (வெளிச்சத்தின் அலகு). கான்ட்ராஸ்டைத் தொடத் தேவையில்லை.

எச்டிஎம்ஐ இணைப்பில் கறுப்பு சாம்பலாக வெளுத்துத் தெரிகிறதா? கிராஃபிக்ஸ் கார்டு கறுப்பிலிருந்து வெள்ளை வரையிலான அளவை 0–255க்குப் பதிலாக 16–235 என்று சுருக்கி அனுப்பிக்கொண்டிருக்கலாம். அதன் அமைப்புகளில் 'ஃபுல் ரேஞ்ச்' என்று மாற்றினால் சரியாகிவிடும்.

3. கணினியில்

விண்டோஸ் தேடல் பெட்டியில் 'காலிபரேட் டிஸ்ப்ளே கலர்' என்று தேடித் திறந்து, அது சொல்லும் வரிசையில் போங்கள். காமா பக்கத்தில் வட்டங்களின் நடுப்புள்ளி மறையும்வரை ஸ்லைடரை நகர்த்த வேண்டும். தலையைச் சாய்க்காமல் நேர் எதிரே உட்கார்ந்து பாருங்கள். சில பேனல்களில் கோணம் மாறினாலே காமா மாறித் தெரியும். மேக்கில் டிஸ்ப்ளேஸ் பகுதியில் உள்ள கலர் ப்ரொஃபைல் பட்டியலில் இதற்கான வழி இருக்கிறது.

சிவப்பு, பச்சை, நீல ஸ்லைடர்கள் வரும் பக்கத்தை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொல்வேன். வெளிச்சத்தையும் காமாவையும் கண் ஓரளவு சரியாகக் கணிக்கும். வெள்ளை விஷயத்தில் அதை நம்பவே முடியாது. மஞ்சள் சாய்ந்த வெள்ளையைச் சில நிமிடம் பார்த்தாலே மூளை அதைச் சுத்த வெள்ளை என்று ஏற்றுக்கொண்டுவிடும். அதை நம்பி ஸ்லைடரை இழுத்தால் இருந்ததும் கெடும்.

4. நிறம்தான் உங்கள் வேலை என்றால்

திரையின் நிறத்தை அளக்கும் கருவியான கலரிமீட்டர் வாங்குங்கள், அல்லது இரவல் கேளுங்கள். அதைத் திரைமேல் தொங்கவிட்டு, இலவச மென்பொருளான டிஸ்ப்ளேகாலில் 6500கே, 2.2, 120 என்று இலக்கு கொடுத்தால், நிறக்கட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டி அளந்து ஐசிசி ப்ரொஃபைல் (உங்கள் திரை நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு) ஒன்றை உருவாக்கிக் கொடுக்கும். அதற்குப் பிறகு மானிட்டர் பட்டன்களைத் தொடாதீர்கள்; அந்த ப்ரொஃபைல் அளந்தபோதிருந்த அமைப்புக்கு மட்டுமே பொருந்தும். அதே மாடல் வைத்திருக்கும் வேறொருவரின் ப்ரொஃபைலை இறக்கிப் போடுவதும் பலன் தராது. ஒரே மாடலிலும் பேனலுக்குப் பேனல் நிறம் மாறும்.

முடித்தவுடன் திரை மங்கலாகவும் மஞ்சளாகவும் தோன்றினால் பயப்பட வேண்டாம். பழைய நீலத்துக்குப் பழகிய கண் அது. கொஞ்ச நாள் பொறுங்கள், பிரைட்னஸை மட்டும் மறுபடி ஏற்றிவிடாதீர்கள்.