ஃப்ரீசர் ஏன் இவ்வளவு யூனிட் இழுக்கிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

செகண்ட் ஹேண்டில் ஃப்ரீசர் வாங்கிய இரண்டு பேர் வீட்டுக்கு இந்த மாதம் போயிருந்தேன். இரண்டு இடத்திலும் ஒரே காட்சி: குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் கடைசி எண்ணில், உட்சுவரில் விரல் தடிமனுக்குப் பனி. "கரன்ட் ரொம்ப இழுக்குதுங்க, மெஷினே சரியில்ல போல" என்றார் ஒருவர். பல வருடம் முன்பு நானும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். கதவை அடிக்கடி திறக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

வாட்டை 24-ஆல் பெருக்குவது

ஃப்ரீசரில் ஒட்டியிருக்கும் விவரத் தகட்டில் 150 வாட் என்று பார்த்ததும் நாளைக்கு 3.6 யூனிட் என்று கணக்குப் போட்டுப் பயந்துவிடுகிறார்கள். கம்ப்ரசர் விட்டு விட்டுத்தான் ஓடும். மணிக்கு 20 நிமிடம் ஓடினால் நாளைக்கு 1.2 யூனிட்தான். ப்ளக்கில் செருகும் மீட்டரை வைத்து ஒரு நாள் முழுக்க அளந்து பாருங்கள். பத்து நிமிட அளவு எதற்கும் உதவாது. அந்த நேரத்தில் கம்ப்ரசர் ஓடியதா, நின்றிருந்ததா என்பதைப் பொறுத்து எண் மாறிவிடும்.

கதவு ரப்பரைப் பார்க்காமல் குமிழைத் திருகுவது

இன்னமும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான். என் ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் இளகியது. குமிழைக் கூட்டினேன். பனி ஏறியது. சுரண்டினேன். மறுபடி இளகியது, மறுபடி கூட்டினேன். எட்டு மாதம் இப்படியே போயிற்று. ராத்திரி எப்போது விழித்தாலும் அந்த உறுமல் கேட்கும். தவறான கணக்கு என்று மேலே சொன்னேனே, அந்த 3.6 யூனிட், என் வீட்டில் நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

காரணம், கீழ் மூலையில் ரப்பர் விறைத்துப் போய், கட்டைவிரல் அகலத்துக்குக் கதவோடு ஒட்டாமல் நின்றது. அவ்வளவுதான். அந்த இடைவெளியில் ஈரக்காற்று ஓயாமல் நுழையும். ஒரு கிலோ தண்ணீர் உறைய 334 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ நீராவி பனியாகப் படிய சுமார் 2,800 எடுக்க வேண்டும், எட்டு மடங்குக்கும் மேல். படிந்த பனி போர்வை மாதிரி குளிர்க்குழாய்களை மூடிக்கொள்ள, கம்ப்ரசர் இன்னும் நேரம் பிடித்து ஓடும். குமிழைக் கூட்டினால் இதெல்லாம் மோசமாகுமே தவிரச் சரியாகாது. பனி தெரியாத ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை என்றாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். அதில் பனியை உருக்கும் ஹீட்டருக்கும் சேர்த்துக் கரன்ட் போகும்.

ஒரு காகிதத் துண்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும், மூலைகள் உட்பட. பிடிப்பில்லாமல் வழுக்கி வந்தால் அங்கே கசிவு. முதலில் வெந்நீரும் சோப்பும் கொண்டு ரப்பரைத் துடையுங்கள், சில சமயம் ஒட்டியிருக்கும் அழுக்குதான் காரணம். விறைத்துப்போன ரப்பர் என்றால் மாற்றிவிடுங்கள். பனியைக் கத்தியால் குத்தி எடுக்கவே வேண்டாம், குழாய் ஓட்டையானால் கேஸ் போய்விடும். ஆஃப் செய்து, தானாக உருகவிடுங்கள்.

குளிரைத் தேவைக்கு மேல் வைப்பது

-18 டிகிரி போதும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள், குமிழில் இருக்கும் 1, 2, 3 டிகிரி அல்ல.

சுவரோடு ஒட்டி வைப்பது

மேல்பக்கம் திறக்கும் பெட்டி வகையில் பின்னால் கம்பி வலை இல்லையே என்று ஒட்டி வைக்கிறார்கள். பலவற்றில் சூட்டை வெளியேற்றும் குழாய், பக்கத் தகட்டுக்கு உள்ளேதான் ஓடுகிறது. ஓடும்போது தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அங்கே காற்றுக்கு இடம் விடுங்கள்.

இரவில் ஆஃப் செய்வது

வேண்டாம்.