ஸ்மார்ட் இன்ஹேலரைக் கொண்டு ஆஸ்துமாவைக் கட்டுக்குள் வைப்பது எப்படி

மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொள்கிறீர்களா என்று மருத்துவர் கேட்கும்போது, ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோர் ஆம் என்றே சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. அவசரமாகக் கிளம்பிய காலையும், மூச்சு நன்றாக இருந்ததால் இன்ஹேலரைத் தொடாமலேயே படுத்துவிட்ட இரவும் யாருடைய நினைவிலும் தங்குவதில்லை. ஸ்மார்ட் இன்ஹேலர் அந்த நாள்களையும் குறித்துவைக்கும் கருவி. உள்ளே இருக்கும் மருந்து வழக்கமான மருந்துதான்; அதை எப்போது, எத்தனை முறை எடுத்தீர்கள் என்னும் பதிவுதான் புதிது. அந்தப் பதிவைப் படித்து அதற்கேற்ப நடக்கத் தெரிந்தால்தான் கருவிக்குப் பயன் உண்டு என்பதால், இக்கட்டுரை கருவியைவிடப் பதிவைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

இரண்டு இன்ஹேலர்களின் வேறுபாடு

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் நாள்பட்ட அழற்சியால் வீங்கியிருக்கிறது. தூசி, புகை, குளிர்காற்று, சளிக்காய்ச்சல் போன்ற ஏதேனும் ஒன்று தூண்டும்போது, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகி, சளியும் சேர்ந்து, காற்று செல்லும் வழி குறுகிவிடுகிறது. சால்பியூட்டமால் போன்ற நிவாரண மருந்து இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துகிறது. அதன் பலன் 4 முதல் 6 மணி நேரம் நீடிக்கிறது. ஆனால் அது அழற்சியைத் தொடுவதில்லை. அழற்சியைத் தணிப்பது பியூடசோனைடு போன்ற ஸ்டீராய்டு அடங்கிய தடுப்பு இன்ஹேலர். அதன் பலன் முழுமையாகத் தெரிய நாள்களோ வாரங்களோ ஆகும். எடுத்தவுடன் எந்த மாற்றமும் தெரியாததால், முதலில் மறந்துபோவதும் அதுதான்.

இதிலுள்ள ஆபத்து சிறியதன்று. 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் 4,55,000 பேர் ஆஸ்துமாவால் உயிரிழந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா என்னும் உலகளாவிய அமைப்பு, விரைவாகச் செயல்படும் நிவாரண மருந்தை மட்டுமே நம்பியிருக்கும் சிகிச்சையை அதே 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. ஓர் ஆண்டில் அத்தகைய நிவாரண இன்ஹேலர்கள் மூன்றோ அதற்கு மேலோ தீர்ந்தால் கடுமையான மூச்சுத்திணறலுக்கான ஆபத்து கூடுகிறது என்றும் அது எச்சரிக்கிறது. நிவாரண மருந்து எவ்வளவு வேகமாகத் தீர்கிறது, தடுப்பு மருந்து எத்தனை வேளை விடுபடுகிறது ஆகிய இரண்டையும்தான் ஸ்மார்ட் இன்ஹேலர் எண்ணிக் காட்டுகிறது.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

இவற்றில் இரண்டு வகைகள் உள்ளன. முதல் வகை, ஏற்கெனவே நீங்கள் பயன்படுத்தும் இன்ஹேலரின் மேலோ பக்கவாட்டிலோ மாட்டிக்கொள்ளும் சிறிய சென்சார். மருந்துக் குப்பியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, புளூடூத் வழியாகக் கைபேசியிலுள்ள செயலிக்கு அனுப்புகிறது. இரண்டாம் வகையில் சென்சார் இன்ஹேலருக்குள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். அமெரிக்காவில் 2018 டிசம்பரில் அனுமதி பெற்ற புரோஏர் டிஜிஹேலர் அவ்வகையைச் சேர்ந்தது. நீங்கள் மருந்தை எவ்வளவு வேகமாக உள்ளிழுக்கிறீர்கள் என்பதையும் அளக்கக்கூடியது என்பது அதன் சிறப்பு. எனினும் உற்பத்தி நிறுவனம் பின்னர் அந்த வரிசையையே நிறுத்திவிட்டது. ஆகவே எதை வாங்குவதற்கு முன்னும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள்: நீங்கள் எடுக்கும் மருந்தின் இன்ஹேலருக்கு அந்தச் சென்சார் பொருந்துமா, உங்கள் கைபேசியில் அதன் செயலி இயங்குமா, அந்தக் கருவி இன்னும் விற்பனையிலும் பராமரிப்பிலும் இருக்கிறதா. கருவிக்குப் பொருந்துகிறது என்பதற்காக மட்டும் மருந்தை மாற்றிக்கொள்ளாதீர்கள்; மருந்தைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர்.

தடுப்பு இன்ஹேலர், நிவாரண இன்ஹேலர் இரண்டுக்கும் தனித்தனிச் சென்சார் இருப்பது நல்லது. ஒன்றுதான் இயலும் என்றால், தடுப்பு இன்ஹேலரில் மாட்டுங்கள் என்பேன். நிவாரண மருந்தை எடுத்த நேரம் ஓரளவு நினைவிருக்கும், ஏனென்றால் அப்போது மூச்சுத் திணறியிருக்கும். விடுபட்ட தடுப்பு மருந்தோ எந்தத் தடயத்தையும் விடுவதில்லை.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

செயலியை நிறுவியதும் மருந்தின் பெயர், ஒரு வேளைக்கு எத்தனை பஃப் (ஒரு முறை இழுக்கும் மருந்தளவு), நாளொன்றுக்கு எத்தனை வேளை என்பவற்றை மருந்துச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். இங்கே நேரும் சிறு பிழை பின்னால் வரும் எல்லாக் கணக்குகளையும் கெடுக்கும். பியூடசோனைடும், தசையை விரைவாகத் தளர்த்தும் ஃபார்மோட்டெராலும் கலந்த ஒரே இன்ஹேலரைத் தடுப்புக்கும் நிவாரணத்துக்கும் சேர்த்துப் பயன்படுத்துமாறு மருத்துவர் சொல்லியிருந்தால், அதற்கான அமைப்பு செயலியில் உள்ளதா என்று கட்டாயம் பாருங்கள். இல்லையென்றால், திணறலுக்காக நீங்கள் எடுக்கும் கூடுதல் பஃப்பை அது அளவு மீறியதாகவோ அடுத்த வேளைக்கு உரியதாகவோ எண்ணிவிடக்கூடும்.

அடுத்தது நினைவூட்டல். இதைத் தொல்லை என்று அணைத்துவிடுவோர் பலர். நான் அதை ஏற்க மாட்டேன். 2015இல் வெளியான நியூசிலாந்து ஆய்வு ஒன்றில், 6 முதல் 15 வயது வரையிலான 220 குழந்தைகள் அனைவருக்கும் பதிவு செய்யும் கருவி தரப்பட்டது. ஆனால் பாதிப் பேருக்கு மட்டுமே நினைவூட்டும் ஒலி இயக்கப்பட்டது. ஒலி கேட்ட குழந்தைகள் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்தில் நடு அளவாக 84 விழுக்காட்டையும், ஒலி கேட்காதவர்கள் 30 விழுக்காட்டையுமே எடுத்திருந்தார்கள். கருவி ஒன்றுதான் என்றாலும் பலனில் இவ்வளவு வேறுபாடு. எனவே நினைவூட்டலை, பல் துலக்குவதைப் போல எப்படியும் தவறாத ஒரு வேலையின் நேரத்தோடு பொருந்துமாறு வையுங்கள். தடுப்பு மருந்தை எடுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்பதால் அது வசதியும்கூட. கொப்பளிக்காவிட்டால் வாயில் வெண்படலம் படியும் பூஞ்சைத் தொற்றும் குரல் கரகரப்பும் ஏற்படலாம்.

சென்சார் காணாதது

மாட்டும் வகைச் சென்சார்களில் பெரும்பாலானவை அழுத்தியதை மட்டுமே அறியும். மருந்து நுரையீரலுக்குப் போனதா, நாக்கிலும் தொண்டையிலும் படிந்ததா என்பது அவற்றுக்குத் தெரியாது. செயலி நூற்றுக்கு நூறு காட்டியும் இளைப்பு குறையவில்லை என்றால், முதலில் ஐயப்பட வேண்டியது இழுக்கும் முறையைத்தான். அழுத்தும் வகை இன்ஹேலரை நன்கு குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, வாய்க்குழாயை உதடுகளால் இறுக மூடிக்கொண்டு, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். தொடர்ந்து நிதானமாக 3 முதல் 5 வினாடிகள் இழுத்து, இயன்றால் 10 வினாடிகள் மூச்சை அடக்கி, பிறகு விட வேண்டும். இரண்டாவது பஃப்புக்கு முன் அரை நிமிடமாவது இடைவெளி விட்டு மீண்டும் குலுக்க வேண்டும். தூள் மருந்து இன்ஹேலருக்கு இதற்கு நேர்மாறான முறை: தொடக்கத்திலிருந்தே வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால்தான் தூள் பிரிந்து உள்ளே செல்லும். இரண்டு வகைகளையும் வைத்திருப்பவர்கள் முறையை மாற்றிச் செய்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துவராத குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும், மருந்தைப் பிடித்துவைத்து நிதானமாக இழுக்க உதவும் ஸ்பேசர் என்னும் குழல் பெரிய உதவி. அதைப் பொருத்திய பிறகும் சென்சார் வழக்கம்போல் எண்ணும். மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ செல்லும் ஒவ்வொரு முறையும் அவர் கண்முன்னே ஒரு தடவை இழுத்துக் காட்டுங்கள்.

பதிவைப் படித்தல்

முதல் நான்கு வாரங்களுக்கு வரைபடத்தைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராமல் மருந்தை மட்டும் எடுத்து வாருங்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இருக்கிறதா என்பதை மருத்துவர்களும் கடந்த நான்கு வாரங்களை வைத்தே கணிக்கிறார்கள். பகலில் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தொந்தரவு வந்ததா, இரவில் ஒரு முறையேனும் ஆஸ்துமாவால் விழித்தீர்களா, நிவாரண மருந்து வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா, அன்றாட வேலைகள் தடைபட்டனவா என்பவையே அவர்கள் கேட்கும் நான்கு கேள்விகள். இவற்றில் மூன்றாவதற்கு நேரடியாகவும், இரண்டாவதற்கு ஓரளவுக்கும் செயலியே விடை தரும்: நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் நிவாரண மருந்து எடுத்த பதிவு இருந்தால், அதை எண்ணிக்கையில் சிறியது என்று ஒதுக்காதீர்கள். உடற்பயிற்சிக்கு முன் தற்காப்பாக எடுத்த பஃப்பை மட்டும் தனியாகக் குறித்துவிடுங்கள். இல்லையென்றால் நோய் மோசமாவதாகப் பொய்த்தோற்றம் எழும்.

பிறகு இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். தடுப்பு மருந்து சில நாள்கள் தொடர்ந்து விடுபட்டு, அதன் பின் நிவாரண மருந்து கூடியிருந்தால், மாற்ற வேண்டியது மருந்தையன்று, எடுக்கும் வழக்கத்தை. தடுப்பு மருந்து ஒரு வேளையும் தவறாமல், முறையும் சரியாக இருந்து, நிவாரண மருந்து மட்டும் ஏறுகிறது என்றால், தூண்டும் பொருள் ஏதோ சூழலில் இருக்கிறது, அல்லது சிகிச்சையை மறுஆய்வு செய்ய வேண்டியிருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டுவதுதான் ஸ்மார்ட் இன்ஹேலர் செய்யும் ஆகப் பெரிய உதவி என்பது என் கருத்து. பதிவு இல்லாத நிலையில், வேளை தவறியவருக்கும் தவறாதவருக்கும் ஒரேபோல் மருந்தின் அளவு கூட்டப்பட்டுவிடுகிறது.

சில செயலிகள் மருந்து எடுத்த இடத்தையும், அந்த நேரத்தின் காற்று மாசு, மகரந்தம், வானிலை ஆகியவற்றையும் சேர்த்துக் காட்டும். குறிப்பிட்ட ஓர் அறையில், ஒரு பணியிடத்தில், அல்லது இடியுடன் மழை பெய்யும் நாளில் திரும்பத் திரும்பத் திணறல் வருகிறதா என்று பாருங்கள். 2016 நவம்பர் 21 அன்று மெல்பர்னில் வீசிய இடிமழைக்குப் பின், நுண்துகள்களாக உடைந்த புல்மகரந்தம் ஆயிரக்கணக்கானோரை மருத்துவமனைக்கு அனுப்பி, 10 உயிர்களையும் பறித்தது. ஆகவே வானிலைத் தகவலை அலங்காரம் என்று எண்ண வேண்டாம். அதே சமயம், ஒரே ஒரு முறை நடந்ததை வைத்துக் காரணத்தைத் தீர்மானித்துவிடவும் கூடாது.

திணறல் வரும்போது

மூச்சுத் திணறும் நேரத்தில் செயலியைத் திறக்காதீர்கள். சென்சாரின் பேட்டரி தீர்ந்திருந்தாலும், கைபேசி அருகில் இல்லாவிட்டாலும், மாட்டும் வகை இன்ஹேலரிலிருந்து மருந்து வழக்கம்போல் வெளிவரும் என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். மருத்துவர் எழுதித் தந்த அவசரக்காலத் திட்டத்தின்படி நிமிர்ந்து உட்கார்ந்து மருந்தை எடுங்கள். பேச்சு வாக்கியமாக வராமல் ஓரிரு சொற்களாக உடைந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மருந்து எடுத்தும் தணியாவிட்டாலோ, 4 மணி நேரத்துக்குள் மீண்டும் திணறல் வந்தாலோ உடனே அவசர மருத்துவ உதவியை நாடுங்கள். செயலி இன்னும் பச்சை நிறத்தில் இருக்கிறதே என்று காத்திருப்பது உயிருக்கு ஆபத்து.

பராமரிப்பும் பகிர்வும்

இன்ஹேலரின் பிளாஸ்டிக் உறையைக் கழுவுவதற்கு முன் சென்சாரையும் மருந்துக் குப்பியையும் கழற்றிவிடுங்கள். புதிய இன்ஹேலரைத் தொடங்கும் அன்றே சென்சாரை அதற்கு மாற்றுங்கள். மாற்ற மறந்த நாள்கள் மருந்தே எடுக்காத நாள்களாகப் பதிவாகும். சோதித்துப் பார்க்க வெறுமனே காற்றில் அழுத்திய பஃப்பும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும், அதைச் செயலியில் திருத்திவையுங்கள். யாருக்கெல்லாம் இந்தத் தகவல் செல்கிறது என்பதைத் தொடக்கத்திலேயே படித்து, இருப்பிடப் பதிவு தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். பிள்ளையின் பதிவைப் பெற்றோர் பார்ப்பது நல்லதே; ஆனால் தவறிய ஒவ்வொரு வேளைக்கும் திட்டினால், பிள்ளை மருந்தை இழுக்காமல் வெறுமனே அழுத்திவைக்கக் கற்றுக்கொள்ளும்.

இரண்டு மூன்று மாதங்கள் தொடர்ந்து ஆஸ்துமா கட்டுக்குள் இருந்தால், தடுப்பு மருந்தின் அளவைக் குறைக்க மருத்துவர் முன்வரலாம். அந்தச் சந்திப்புக்கு முழுப் பதிவையும் எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் உண்மையில் பாதி அளவையே எடுத்து வந்திருந்தால், அதை அறிந்த பிறகுதான் எங்கிருந்து குறைப்பது என்று அவரால் சரியாக முடிவெடுக்க முடியும்.