நாலாவது பாரில் வந்த ‘டிக்’

கம்ப்யூட்டரில் வயலின் குழு சாம்பிள்களை (சுரம் சுரமாக முன்பே பதிந்து வைத்த ஒலிகளை) ஏற்றி வாசித்தால் நாலாவது பாரில், அதாவது நாலாவது தாளச் சுற்றில், ‘டிக்’ என்று ஒரு சத்தம். அப்புறம் சில சுரங்களே காணாமல் போகும். ராம் போதவில்லையோ என்று 16 ஜிபியை 32 ஆக்கினேன். காசு போனதுதான் மிச்சம். பிராசசர் மீட்டர் பாதியைக்கூடத் தொடவில்லை, டிஸ்க் மீட்டர்தான் சிவந்து நின்றது.

அப்போதுதான் கணக்குப் போட்டேன். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் பதிந்த ஒரு மோனோ டிராக்குக்கு (ஒற்றைத் தட ஒலிக்கு) நொடிக்கு 144 கிலோபைட். 40 டிராக் ஓடினாலும் 6 எம்பி ஆகாது. என் பழைய 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்குக்கு அது தூசு. சாம்பிள் கதையே வேறு. ஒவ்வொரு சுரத்தின் தொடக்கம் மட்டும் ராமில் இருக்கும், மீதியை வாசிக்க வாசிக்க டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டும். பத்து விரலும் இறங்கினால் டிஸ்க்கைப் படிக்கும் முள் பாவம், எத்தனை இடத்துக்குத்தான் ஓடும்?

சாம்பிள்களுக்கென்றே 2 டிபி சாட்டா எஸ்எஸ்டி (கேபிளில் இணையும், முள்ளே இல்லாத சிப் டிஸ்க்) வாங்கினேன். ‘டிக்’ அன்றே நின்றது. விண்டோஸுக்கு ஒரு சின்ன என்விஎம்இ (மதர்போர்டிலேயே செருகும் வேகமான எஸ்எஸ்டி). அதைச் செருகியதும் ஹார்ட் டிஸ்க் மாயம்! மதர்போர்டு கையேட்டில் பொடி எழுத்தில் இருந்தது: என்விஎம்இ செருகும் அந்த எம்.2 இடத்தை நிரப்பினால் 5, 6ஆம் சாட்டா போர்ட்கள் அணைந்துவிடும். கேபிளை 2ஆம் போர்ட்டுக்கு மாற்றினேன், வந்துவிட்டது.

இப்போது அந்த ஹார்ட் டிஸ்க் பேக்கப்புக்கு மட்டும். குரல் பதியும்போது அதன் கரகரப்பு மைக்கில் விழுந்ததால், வெளிப்பெட்டியில் போட்டு ராத்திரியில்தான் செருகுகிறேன்.